இரண்டிலும் வெள்ளை

அத்தியாயம் பதினொன்று

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து சௌந்திரத்துக்கு ஓர் இடத்தில் கால் தரிக்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள். வாசலுக்கு எதற்கு வந்தோம் என்று யோசித்து முடிப்பதற்குள் பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்துவிட்டது. இருபத்திமூன்று வருடக் குடித்தனத்தில் ஒரு நாள்கூடப் பாலை வழியவிட்டதில்லை என்று அக்கம்பக்கத்தில் பீற்றிக்கொள்கிறவள் அவள். அந்தப் பெருமையும் இன்றோடு போயிற்று.

"அம்மா, கருக்கறதா இருந்தா ஜன்னலைத் தொறந்து வெச்சுட்டுக் கருக்கு" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள் சத்யபிரியா.

கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் மகளும் காலையிலிருந்து லேப்டாப்பைத் திறப்பதும் மூடுவதுமாகத்தான் இருந்தாள். வைத்த இட்லி வைத்தபடி ஆறிக் கிடந்தது.

விஷயம் போன வாரமே தெரிந்ததுதான். தவறவிட்டவர்களுக்காக இரண்டு வரி. சத்யா சேலத்தில் ஒரு கல்லூரியில் ஜவுளித் தொழில்நுட்பம் படிக்கிறாள். மூன்றாம் ஆண்டு முடிந்துவிட்டது. அடுத்த செமஸ்டரை, செப்டம்பர் முதல் ஜனவரி வரை, தைவானில் தைச்சுங் என்ற ஊரிலுள்ள பல்கலைக்கழகத்தில் படிக்க அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து ஒரு பிள்ளை அங்கே போனால், அங்கிருந்து ஒரு பிள்ளை இங்கே வரும். கல்லூரி முழுக்கத் தேர்வானது இரண்டே பேர். பெற்றோர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இன்று மாலை ஐந்து மணிக்குள் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வரிசையில் அடுத்து நிற்பவருக்கு.

கையெழுத்துப் போடவேண்டியவர் சின்னண்ணன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிக்குச் சொந்தக்காரர். வருடத்தில் எட்டு மாதம் ஒடிசாவிலும் சத்தீஸ்கரிலும் பாஷை புரியாத காட்டுக்குள் வண்டியோடு கிடக்கிற மனிதர், மகள் ஐந்து மாதம் வெளிதேசம் போவதை நினைத்து மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இதைச் சுட்டிக்காட்டினால் கோபம் வரும் என்பதால் வீட்டில் யாரும் சுட்டிக்காட்டவில்லை.

மழை பிடித்துக்கொண்டதால் திங்கட்கிழமைதான் வண்டியோடு திருச்செங்கோடு திரும்பியிருந்தார். மகள் சொன்னதையெல்லாம் கேட்டார். ரசம் ஊற்றிச் சாப்பிட்டார். கை கழுவினார். துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"வெள்ளிக்கெழம கரட்டுக் காளியம்மன்கிட்டப் பூக் கேட்டுப் போடலாம் சாமி. வெள்ளை வந்தா அப்பன் கையெழுத்துப் போட்டர்றேன். செவப்பு வந்தா அதோட வுட்ரோணும். சரிதானே?"

பூக் கேட்பது இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. ஒரு இலையில் வெள்ளை அரளி, இன்னொரு இலையில் செவ்வரளி. இரண்டையும் அடையாளம் தெரியாமல் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் குலுக்கிப் போட்டு, ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தால் இல்லை. சின்னண்ணன் ஒரே ஒரு தடவை சிவப்பை மீறி வண்டியை எடுத்தார். எழுநூறு அடியில் துளைபோடும் இரும்பு ராடு மாட்டிக்கொண்டு, அதை அப்படியே மண்ணுக்குள் விட்டுவிட்டு வரவேண்டியதாயிற்று. அன்றிலிருந்து அம்மன் சொல்லுக்கு மறுசொல் கிடையாது.

சௌந்திரத்தின் பயம் அந்த ராடு பற்றியதல்ல. மூன்று வருடத்துக்கு முன் சத்யா கோயம்புத்தூர் போய்ப் படிக்கவேண்டும் என்று ஆசைப்பட்டாள். அப்போதும் பூக் கேட்டார்கள். சிவப்பு வந்தது. பிள்ளை அழக்கூட இல்லை. சேலத்துக் கல்லூரியில் சேர்ந்து, தினமும் பஸ்ஸில் போய்வந்துகொண்டு, தீபாவளி வரைக்கும் வீட்டில் யாரிடமும் கேட்டதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போட்டால் தின்றாள். போதும் என்றால் எழுந்துபோனாள். அந்த நான்கு மாதம் மறுபடியும் வந்துவிடக்கூடாது என்பதுதான் சௌந்திரத்தின் கவலை.

"என்ன கண்ணு பார்க்கறே?" என்று சௌந்திரம் மகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

"இங்க படிக்க வேண்டிய பாடத்துக்கெல்லாம் அங்க ஒரு பாடம் ஜோடி சேர்க்கோணும்மா. அஞ்சுல நாலு சேர்ந்துருச்சு. அஞ்சாவது மட்டும் அங்க இல்ல. அதை நானாப் படிச்சுட்டு வந்து இங்க பரிச்சை எழுதிக்கறேன்னு காலேஜ்ல மோனிஷா மேடத்துக்கிட்ட ஒத்துக்கிட்டேன்."

"ஜோடி சேர்ற வரைக்கும் நல்லாத்தான் இருக்குது" என்றாள் சௌந்திரம். "சோத்துக்கு என்ன பண்ணுவே?"

"ஹாஸ்டல்ல ஒரு சின்ன அடுப்பு இருக்குதாம். நீ பருப்புப்பொடி இடிச்சுக் குடு. மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டாள். "ஏம்மா, வெள்ளை வருமா?"

சௌந்திரம் இட்லித் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பத்து மணிக்கு ஆராயி வந்து இறங்கினாள். சின்னண்ணனின் அக்காள், சங்ககிரியில் வாழ்க்கைப்பட்டவள். பூக் கேட்கும்போது கூடப்பிறந்தவள் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று தம்பிதான் கூப்பிட்டிருந்தார். அவள் மகன் தீனதயாளன் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். நல்ல உழைப்பாளி. சத்யாவுக்கு முறைப்பையன். தைப்பொங்கல் நோம்பிக்கு வந்தபோது ஆராயி ஜாடைமாடையாக ஒரு பேச்சைப் போட்டுப் பார்த்தாள். 'தீனா மாமாவா? ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக் குடுத்தாரு, அதுக்கு மேல எனக்கு எதுவுந் தோணலியேம்மா' என்று சத்யா அம்மாவிடம் சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பேச்சு அங்கேயே நின்றது. நின்றது என்று சௌந்திரம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்புள்ள சௌந்திரம், மொகமெல்லாம் இப்பிடி வத்திக் கெடக்குது?"

"ஒண்ணுமில்லீங்க நங்கையா. ராத்திரி தூக்கமில்லீங்க."

"பெத்தவளுக்கு எங்கிருந்து தூக்கம் வரும்? கடல் தாண்டிப் போற புள்ளையாச்சே" என்று ஆராயி பெருமூச்சு விட்டாள். அந்தப் பெருமூச்சிலும் ஒரு கணக்கு இருந்தது. அது சௌந்திரத்துக்கு அப்போது பிடிபடவில்லை.

கோயிலுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை. கரட்டுக் குன்றின் அடிவாரத்தில் சின்னக் கோயில். உச்சிபூசைக்கு ஏழெட்டுப் பேர்தான் வந்திருந்தார்கள். சின்னண்ணன் குடும்பத்தில் பூப் பொட்டலம் கட்டுவது வீட்டுக்காரியின் வேலை. தலைக்குக் குளித்த ஈரத்தோடு, கோயிலுக்குப் பின்னால், ஒருத்தர் கண்ணும் படாமல் கட்டவேண்டும். கட்டியவள் எது எதிலே என்று வாய் திறக்கக்கூடாது.

சௌந்திரம் வேப்பமரத்தடியில் குத்தவைத்து உட்கார்ந்தாள். வாழையிலைத் துண்டு இரண்டு. நார் இரண்டு. வீட்டு வேலியில் பறித்துவந்த பூ இரண்டு நிறத்திலும் கூடையில் இருந்தது. முதல் இலையில் வெள்ளையை வைத்து மடித்துக் கட்டினாள். இரண்டாவது இலையில் சிவப்பை வைத்தாள். நாரை எடுத்தாள்.

கட்ட முடியவில்லை. நாரைத் திரும்ப மடியில் வைத்தாள்.

ஐந்து மணிக்குள் கடிதம் போகவேண்டும். சிவப்பு வந்தால் மகள் அழமாட்டாள். லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு, சோறு போட்டால் தின்பாள், போதும் என்றால் எழுந்துபோவாள்.

சௌந்திரம் இலையிலிருந்த சிவப்புப் பூவை எடுத்துக் கீழே போட்டாள். கால் கட்டைவிரலால் மண்ணைத் தள்ளி மூடினாள். கூடையிலிருந்து இன்னொரு வெள்ளையை எடுத்து வைத்து, மளமளவென்று கட்டி முடித்தாள்.

"கோவிச்சுக்காத ஆத்தா" என்று கோயில் சுவரைப் பார்த்து முணுமுணுத்தாள். "உன்மேல நம்பிக்கை இல்லாம இல்ல. நீ என்ன சொல்லிப்போடுவியோன்னுதான் பயம்."

கருவறைக்கு முன்னால் பூசாரி இரண்டு பொட்டலத்தையும் தாம்பாளத்தில் போட்டு மூன்று சுற்றுச் சுற்றினார். யார் வீட்டுப் பிள்ளையோ, பச்சைப் பாவாடை கட்டிய நாலு வயதுக் குழந்தை ஒன்று தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டு நின்றது. அதைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொன்னார்கள். குழந்தை சில்லை வாயில் வைத்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தது.

பூசாரி நாரை அவிழ்த்தார்.

"வெள்ளைங்க சாமி. அம்மன் உத்தரவு குடுத்துட்டா."

சத்யா 'அம்மா' என்று கத்தியேவிட்டாள். கோயில் என்பதையும் மறந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். சின்னண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்தார். துடைக்கத் துடைக்க வந்தது. "போய்ட்டு வா சாமி" என்றார். "அம்மனே அனுப்பறா. அப்பனுக்கு இனிப் பயமில்ல."

அந்த ஒரு நிமிஷம் சௌந்திரத்துக்குத் தான் செய்தது தப்பாகவே தோன்றவில்லை. உடம்பு லேசாகி, பசிகூட எடுத்தது. அந்த நிமிஷத்தோடு எல்லோரும் கிளம்பி வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும்.

"தம்பி" என்றாள் ஆராயி. "அம்மன் இன்னைக்கு நல்ல மனசோட இருக்கறா. பொட்டலமும் கையில இருக்குது. நம்ம தீனாவுக்கும் சத்யாவுக்கும் ஒரு வார்த்தை கேட்டுப்போடலாமா?"

சின்னண்ணன் திகைத்துப்போனார். "இப்ப எதுக்குங்கக்கா? புள்ள படிச்சுட்டு வரட்டும்."

"கலியாணத்தை இப்ப யாரு கேட்டா? அதெல்லாம் படிச்சு முடிச்சு ஆனாப் போவுது. ஒப்பந்தம் மட்டும் பண்ணிக்கலாம். வெளிதேசம் போற புள்ளைக்கு இங்க ஒரு கட்டு இருக்கோணுமல்லொ? நாளைக்கு அங்கேயே இருந்துக்கறேன்னா நீ என்ன பண்ணுவே?"

சரியான இடத்தில் தொட்டுவிட்டாள் ஆராயி. மூன்று நாளாகச் சோறு இறங்காமல் செய்த பயம் எது என்று சின்னண்ணனுக்கே தெளிவாகத் தெரிந்திருக்கவில்லை. அக்காள் அதற்குப் பேர் வைத்துவிட்டாள்.

"அப்பா, இது எதுக்குங்கப்பா?" என்றாள் சத்யா.

"கேட்டுப் பார்க்கறதுதானே சாமி. செவப்பு வந்துட்டா அத்தை அந்தப் பேச்சையே எடுக்க மாட்டா. என்னங்கக்கா?"

"சத்தியமா எடுக்க மாட்டேன்" என்றாள் ஆராயி.

சௌந்திரம் தாம்பாளத்தைப் பார்த்தாள். தாம்பாளத்தில் பிரித்த பொட்டலம் ஒன்று, பிரிக்காதது ஒன்று. இரண்டிலும் என்ன இருக்கிறது என்று இந்த உலகத்தில் தெரிந்தவள் அவள் ஒருத்தி. அம்மனைச் சேர்த்தால் இரண்டு பேர்.

"நான் போயிப் புதுசாக் கட்டியாறனுங்க" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு ஓரடி வைத்துவிட்டாள். கூடையில் சிவப்பு இன்னும் நாலைந்து மிச்சமிருந்தது. இரண்டிலும் சிவப்பை வைத்துவிட்டால் சனியன் தீர்ந்தது. இப்படித்தான் மனம் ஓடியது. வெட்கமே இல்லாமல் ஓடியது. ஒருமுறை ஏமாற்றிய கைக்கு மறுமுறை தயக்கம்கூட இல்லை என்பதைக் கண்டு அவளே மிரண்டுபோனாள்.

"எதுக்குப் புள்ள அலையறே? பிரிச்சதைப் பூசாரியே மறுக்காக் கட்டிப்போட்டா ஆச்சு" என்றாள் ஆராயி.

பூசாரி அதே வெள்ளைப் பூவை அதே இலையில் மடித்து, புது நார் போட்டுக் கட்டி, இரண்டையும் சேர்த்து மூன்று சுற்றுச் சுற்றினார். அவர் முறையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

"இந்தத் தடவை புள்ளையே எடுக்கட்டும்" என்றாள் ஆராயி. "அவ வாழ்க்கை. நாளைக்கு நாம சதி பண்ணிட்டோம்னு ஒருத்தரும் சொல்லப்படாது."

சத்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். ஏதாவது சொல்லும்மா என்ற பார்வை. வேண்டாம், எடுக்காதே, இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல ஒரு நொடி போதும். சொன்னால் கையெழுத்து போகும், தைவான் போகும், மகள் இத்தனை வருடம் ராத்திரி பகலாகப் படித்தது போகும். சௌந்திரம் கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நின்றுவிட்டாள்.

மகள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தாள். தானே பிரித்தாள்.

உள்ளங்கையில் வெள்ளை அரளி.

ஆராயி குலவை போட்டாள். பூசாரி எல்லோர் நெற்றியிலும் திருநீறு பூசினார். மிச்சமிருந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் வழக்கப்படி தீர்த்தத்தொட்டியில் போட்டார். அது மிதந்தது. சௌந்திரம் அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

காரில் திரும்பும்போது பேசியதெல்லாம் ஆராயிதான். வருகிற வெள்ளி நல்ல நாள், ஒறம்பரை என்று சொந்தத்தில் பத்துப் பேர் போதும், வெற்றிலைபாக்கு மாற்றிக்கொண்டு ஒரு மோதிரம் போட்டுவிட்டால் பிள்ளை நிம்மதியாக விமானம் ஏறலாம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். சின்னண்ணன் வண்டியை ஓட்டியபடி 'ஆமாங்கக்கா, ஆமாங்கக்கா' என்றார். மூன்று நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ரத்தம் ஓடியது. சத்யா ஜன்னலோரம் உட்கார்ந்து மரவள்ளிக் காடுகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கல்லூரியிலிருந்து போன் வந்தபோது மட்டும் பேசினாள்.

"ஆமாங்க மேடம். அப்பா ஒத்துக்கிட்டாங்க. அஞ்சு மணிக்குள்ள அனுப்பிடறேன். சந்தோசந்தானுங்க மேடம்."

குரலில் சந்தோஷம் இருந்ததா இல்லையா என்று சௌந்திரத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை.

வீட்டில் சின்னண்ணன் சட்டையை மாற்றிக்கொண்டு, கிழக்கு பார்த்து உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். இங்கிலீஷ் கடிதத்தை மகள் வரிவரியாகத் தமிழில் சொல்லச் சொல்லத் தலையாட்டினார். பிறகு 'கே. சின்னண்ணன்' என்று எழுத்துக்கு எழுத்து இடம் விட்டு எழுதினார். சத்யா அதைப் படம் பிடித்து, கல்லூரித் தளத்தில் ஏற்றினாள். நாலு மணி நாற்பது. பச்சை நிறத்தில் ஒரு சரிக்குறி விழுந்தது.

"போயிருச்சாம்மிணி?"

"போயிருச்சுங்கப்பா."

"திங்கக்கெழம காலையில பட்டியல் தைவானுக்குப் போகும், அதுக்குள்ள ஏதாச்சும் மாத்தம் இருந்தா மேடத்துக்கிட்டச் சொல்லோணுமாம்" என்று சேர்த்துச் சொன்னாள். "மாத்தம் என்ன வரப்போவுது?" என்று சின்னண்ணன் சிரித்தார். ஆராயி எல்லோர் வாயிலும் ஒரு பிடி சர்க்கரை போட்டாள்.

சர்க்கரை சௌந்திரத்தின் நாக்கில் கரையவே இல்லை. மகள் பின்பக்கத்து அறைக்குப் போனதும் பின்னாலேயே போய்க் கதவைச் சாத்தினாள்.

சத்யா கட்டிலில் உட்கார்ந்து, கொண்டுபோக வேண்டிய சாமான் பட்டியலைக் கையில் வைத்திருந்தாள். ஸ்வெட்டர், குக்கர், பருப்புப்பொடி, பிளக் மாற்றி. நடுவில் புதிதாக ஒரு வரி எழுதியிருந்தாள். மோதிரம்.

"என்ன சாமி இது?"

"போட்டுட்டுத்தானே போகோணும்? தொலைச்சுப்போடாம இருக்கறதுக்கு எழுதி வெச்சேன்."

"உனக்குப் புடிக்காட்டிச் சொல்லிரு கண்ணு. நான் உங்கப்பன்கிட்டப் பேசறேன்."

சத்யா தலையைத் தூக்கினாள். "புடிக்குதான்னு கேட்டா இல்லதான்மா. ஆனா அதை எப்பிடிச் சொல்றது? காலையில இருந்து நான் என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? ஒரே ஒரு வெள்ளை மட்டும் குடு ஆத்தா, அப்புறம் நீ என்ன சொன்னாலும் கேக்கறேன்னு. குடுத்துட்டா. எனக்கு வேணுங்கறப்ப மட்டும் அம்மன் சொன்னது நெசம், வேண்டாங்கறப்பப் பொய்யின்னு சொல்ல முடியுமா? ரெண்டாவதை என்ற கையாலதானே எடுத்தேன்."

"சத்யா."

"கோயமுத்தூருக்குச் செவப்பு வந்தப்ப அம்மன்மேல அவ்வளவு கோவம் எனக்கு. இன்னைக்குத்தான் அது போச்சு. இதுக்காகத்தான் அன்னைக்கு வேண்டாம்னாளோன்னு தோணுச்சு. நெசமாவே நம்பிட்டேன்மா."

இதற்குமேல் சௌந்திரத்தால் மறைக்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"ரெண்டுலயும் வெள்ளைதான் சாமி."

"என்னது?"

"நாந்தான் வெச்சேன். செவப்பை எடுத்து மண்ணுல பொதைச்சுட்டு ரெண்டுலயும் வெள்ளையை வெச்சுக் கட்டினேன். எதை எடுத்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். உங்கத்தை இப்பிடிக் கேப்பான்னு நான் சொப்பனத்துலயும் நெனைக்கல."

மகள் சந்தோஷப்படுவாள், மோதிரம் வேண்டாம் என்று ஆகிவிட்டதே என்று துள்ளுவாள் என்றுதான் சௌந்திரம் ஒரு மூலையில் எதிர்பார்த்திருந்தாள். சத்யாவின் முகம் மெல்ல மெல்லச் சுருங்கியது.

"அப்ப நான் தைவான் போறதுக்கும் அம்மன் ஒத்துக்கலியாம்மா?"

"அவளைக் கேக்கவே இல்ல கண்ணு. கேக்க வுடல நான்."

"எதுக்கும்மா இப்பிடிப் பண்ணுனே? அந்த ஃபாரத்துல அப்பா இல்லேன்னா அம்மா, யாராச்சும் ஒருத்தர் கையெழுத்துன்னுதான் போட்டிருக்குது. நீயே போட்டிருக்கலாம். நான் போடறேன், எம்புள்ள போகட்டும்னு அப்பா மொகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதுக்குத் தைரியம் வரல. அம்மனை ஏமாத்தறதுக்கு வந்துச்சு."

அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. நானும் கையெழுத்துப் போடலாம் என்று ஒரு நிமிஷம்கூட அவளுக்குத் தோன்றியதே இல்லை. காளியம்மனை எதிர்ப்பது சுலபமாக இருந்திருக்கிறது, சின்னண்ணனிடம் வாய் திறப்பது முடியாத காரியமாக இருந்திருக்கிறது. இருபத்திமூன்று வருடம் இப்படித்தான் ஓடியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

கூடத்திலிருந்து சின்னண்ணனின் சத்தம் கேட்டது. போனில் யாரிடமோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். "சௌந்திரம்! இங்க வா. மாப்ள பேசறான் பாரு!"

மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சத்யா கட்டிலைவிட்டு எழுந்தாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. "தீனா மாமாவும் பாவம்மா. அவரையும் ஏமாத்தறது மாதிரித்தானே? அப்பாகிட்ட நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"சொன்னா உங்கப்பன் அந்தக் கையெழுத்தைத் திருப்பி வாங்கிருவாரு சாமி. உன்ற படிப்பு..."

"தெரியும்" என்றாள் சத்யா. "நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

சௌந்திரம் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். கதவைத் திறந்துகொண்டு கூடத்துக்கு வந்தாள். போனைக் காதில் வைத்தபடி சின்னண்ணன் சிரித்த முகத்தோடு நிமிர்ந்தார். பக்கத்தில் ஆராயி நாட்காட்டியை முன்னும் பின்னுமாகப் புரட்டிக்கொண்டிருந்தாள்.

"இந்தா, பேசு" என்று போனை நீட்டினார்.

சௌந்திரம் அதை வாங்கவில்லை.

"ஏனுங்க, அந்தப் போனை வெச்சுருங்க" என்றாள். "நங்கையாளும் இருக்கட்டும். நான் ஒண்ணு சொல்லோணும்."